செவிக்குச் சொன்னதும் கல்லில் வெட்டியதும்

திருவண்ணாமலையின் பழமையைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் அரசர்களின் பெயர்களை வரிசைப்படுத்தியே செல்கின்றன. போசள மன்னன் மூன்றாம் வல்லாளனின் பெயரைத் தாங்கிய கோபுரம், கிருஷ்ணதேவராயர் 1516ஆம் ஆண்டளவில் கட்டுவித்த ஆயிரங்கால் மண்டபம், அவர் தொடங்கித் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் நிறைவு செய்த 217 அடி உயர இராசகோபுரம் என அவ்வரிசை நீளும். ஆனால் கோயில் நகரம் கொடையாளரால் மட்டும் ஆனதன்று. கல்லைச் செதுக்கிய தச்சர், கார்த்திகைச் சந்தைக்கு மாடு ஓட்டிவந்த வணிகர், மலைக்குகைகளில் இருந்த துறவியரைச் சுற்றித் திரண்ட சீடர், மலையுச்சியில் தீபம் ஏற்றும் குடியினர் எனப் பல கூட்டங்கள் அதைத் தாங்கி நின்றன. இக்கூட்டங்களில் ஒவ்வொன்றும் தன்னை ஒரு குடும்பமாகவே எண்ணியது. தான் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதையையும், தன்னவரை அயலாரிடமிருந்து பிரித்தறிய ஒரு சொல்லையோ குறியையோ வைத்திருந்தது. கதை ஊரறியச் சொல்லப்பட்டது, சில வேளைகளில் கோயிற்சுவரில் கல்வெட்டாகவும் பொறிக்கப்பட்டது. சொல்லோ வாயிலிருந்து செவிக்கு மட்டுமே சென்றது.

பறைசாற்றுவதும் மறைப்பதும் ஒரே கூட்டத்தின் இரு கைகளாக எவ்வாறு இயங்கின என்பதே இங்கு ஆராயத்தக்கது. உலகின் பிற பகுதிகளில் தோன்றிய சகோதர சங்கங்களை, அதாவது குருதி உறவில்லாத ஆடவர் சத்தியம் செய்து ‘சகோதரர்’ ஆகும் அமைப்புகளை, ஆராய்ந்தவர்கள் மறைச்சொல்லுக்கே மிகுந்த முக்கியத்துவம் தந்தனர். அச்சொல் வெளியானால் சங்கம் கலையும் என்றும் சிலர் கருதினர். தமிழ்நாட்டுச் சான்றுகள் காட்டும் உண்மை வேறு. மறைச்சொற்கள் பலவும் அயலாருக்குத் தெரிந்தே இருந்தன; கூட்டங்கள் கலையவில்லை.

இதற்கு முதற்சான்று இலக்கண நூலிலேயே கிடைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் தலைவனின் ஆதரவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சொற்கள் வழங்கும் முறையை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு எனப் பிரித்து, தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம் ஆகியவற்றோடு குழூஉக்குறி என்பதையும் சேர்க்கிறது. குழூஉ என்பது கூட்டம். ஒரு கூட்டத்தார் ஏதோ ஒரு காரணம் பற்றி ஒரு பொருளின் வழக்கமான பெயரை ஒழித்துத் தமக்குள் வேறொரு பெயரால் குறிப்பதே குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகள். பட்டறையில் பொன் கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்திருக்கும் வாடிக்கையாளர் முன்னிலையில் அதன் தரத்தையும் எடையையும் பற்றி உதவியாளனிடம் பேச வேண்டிய தட்டாருக்கு இத்தகைய சொல்லின் தேவை வெளிப்படையானது. தொழிலின் மறைச்சொற்கள் திண்ணைப் பள்ளி மாணவர் மனப்பாடம் செய்த நூலின் உரையில் ஏறிவிட்டன. ஆயினும் தட்டார் அவற்றை விட்டுவிட்டதாகவோ, இலக்கண ஆசிரியர் மீது பகை கொண்டதாகவோ எவ்வகைச் செய்தியும் இல்லை. இலக்கணமே ஒரு கூட்டத்தின் மறைபேச்சைத் தகுதியான வழக்கு என ஏற்று இடமளித்திருப்பது தமிழ் மரபின் பெருந்தன்மைக்கு அடையாளம்.

சித்தர்களின் பரிபாஷையும் இவ்வகையைச் சேர்ந்ததே. பாதரசத்தைச் சிவனின் விந்து என்றும் கந்தகத்தைச் சக்தியின் நாதம் என்றும் குறித்து எழுதும் முறை, மருந்தின் செய்முறையைக் குருவிடம் இருந்து பயிலாதவன் ஏட்டைப் பார்த்துச் செய்து தீங்கு விளைவிக்காதிருக்கவும் உதவியது. திருவண்ணாமலையைத் தம் அடக்கத்தலமாகக் கொண்டவர் என மரபு போற்றும் இடைக்காட்டுச் சித்தரின் பெயரோடு இவ்வூர் இம்மரபிலும் இணைகிறது.

சொல்லே இல்லாத மறைபேச்சும் இவ்வூர்ச் சந்தையில் உண்டு. கார்த்திகைத் தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில், தரகர் இருவர் கைகளை ஒரு துண்டால் மூடிக்கொண்டு விரல்களைப் பற்றியும் அழுத்தியும் விலை பேசுவர். சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் பேரம் நடப்பது தெரியும், தொகை மட்டும் தெரியாது. மறைப்பு எவ்வளவு சிறியது, அது நடைபெறும் இடம் எவ்வளவு வெளிப்படையானது என்பதைக் கவனித்தால், இந்நாட்டுக் கூட்டங்களின் இரகசியம் பூட்டிய அறைக்குள் வளர்ந்ததன்று, ஊர் நடுவே வளர்ந்தது என்பது விளங்கும்.

தொழிற்கூட்டங்களுள் கதைவளம் மிக்கவர்கள் கம்மாளர். கொல்லர், தச்சர், கன்னார், கல்தச்சர், தட்டார் என்னும் ஐந்தொழிலாளரையும் உள்ளடக்கிய இக்குழு, தேவதச்சனாகிய விசுவகர்மாவின் ஐந்து மக்களான மனு, மயன், துவஷ்டா, சிற்பி, விசுவஞ்ஞன் ஆகியோரின் வழியாகத் தன்னைக் கருதியது. தொழில் வேறானாலும் தந்தை ஒருவன் என்னும் இக்கதையே இரும்பு அடிப்பவரையும் பொன் உருக்குபவரையும் பங்காளிகள் ஆக்கியது. கட்டடப் பணியிலும் படிநிலைகள் இருந்தன. சிற்பநூல்கள் திட்டமிடும் தபதி, நூல் பிடித்து அளக்கும் சூத்திரகிராகி, செதுக்கும் தட்சகன், இணைத்துப் பொருத்தும் வர்த்தகி என நால்வரைக் கூறுகின்றன. அளவை முறை நூலில் எழுதப்பட்டிருந்தாலும் கைப்பழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு திரையிட்டு நடத்தப்படுவதும், அவ்வேளையில் தபதி பொன் ஊசியோ பொன்னுளியோ கொண்டு தனித்துச் செயல்படுவதும் இந்தக் கைப்பழக்கத்துக்குக் கிடைத்த சமய மதிப்பைக் காட்டும். திரை விலகிய பின் கோயில் முழுவதும் பிறர் ஆட்சிக்குப் போய்விடும். அதற்கு முந்தைய நொடி மட்டும் கம்மாளனுடையது.

கம்மாளரிடையே வழங்கிய காந்தக்கோட்டைக் கதையை, எட்கர் தர்ஸ்டன் க. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூல் பதிவு செய்திருக்கிறது. மாந்தாபுரி என்னும் ஊரில் ஐந்தொழிலாளரும் ஒன்றுபட்டு வாழ்ந்தனர். நாட்டில் வேறு கைவினைஞர் இல்லாமையால் தாம் வைத்ததே விலை என்றிருந்தனர். எந்த மன்னனுக்கும் அஞ்சவில்லை. சினமுற்ற மன்னர்கள் படையெடுத்தபோது, காந்தக்கல்லால் கட்டப்பட்ட அவர்களின் கோட்டை எதிரிகளின் ஆயுதங்களையெல்லாம் இழுத்துக்கொண்டது. கோட்டையை அழிக்கும் பொறுப்பை ஏற்றுத் தாம்பூலம் பெற்ற தேவதாசியர் அதற்கு எதிரே குடியமர்ந்து, பாட்டினால் கம்மாளரை ஈர்த்து உறவு கொண்டனர். அவர்களுள் ஒருத்தி, வரகு வைக்கோலைச் சுற்றிலும் அடுக்கித் தீ மூட்டினால் கோட்டை அழியும் என்னும் மறையை ஓர் இளைஞனிடமிருந்து அறிந்துகொண்டாள். கோட்டை எரிந்தது, கைவினைஞர் குலம் அற்றது. கருவுற்றிருந்த ஒரு கம்மாளப் பெண் மட்டும் பேரிச் செட்டி ஒருவரின் வீட்டில் புகுந்தாள். அவர் அவளைத் தம் மகள் என்று சொல்லிக் காப்பாற்றினார்.

கதையின் பிற்பகுதி இன்னும் நுட்பமானது. ஏர்க்கொழு செய்ய ஆளின்றி உழவும், கருவி செய்ய ஆளின்றி நெசவும் நலிந்தன. எஞ்சிய கம்மாளர் எவரேனும் உண்டோ என்று அறிய விரும்பிய மன்னன், வளைந்து நெளிந்த துளையுடைய ஒரு பவழத்தை நாடெங்கும் அனுப்பி, அதில் நூல் கோப்பவருக்குப் பரிசு அறிவித்தான். செட்டி வீட்டில் வளர்ந்த சிறுவன் பவழத்தை எறும்புப் புற்றின் வாயில் வைத்து, சர்க்கரையில் தோய்த்த நூலைச் சற்றுத் தள்ளி இட்டான். எறும்புகள் நூலைத் துளை வழியே இழுத்துச் சென்றன. யாரும் கற்றுக்கொடுக்காமலே வெளிப்பட்ட அந்தத் திறனே அவன் குலத்தைக் காட்டிக்கொடுத்தது. மன்னன் அவனுக்கு நிலமும் தொழிலும் தந்து, செட்டி ஒருவரின் மகளை மணமுடித்து வைத்தான். அவர்களின் ஐந்து மக்களும் ஐந்தொழிலை மீண்டும் தொடங்கினர். இடங்கை என்னும் குடியணியில் கம்மாளரும் பேரிச் செட்டிகளும் ஒரே பக்கம் நின்றதற்கான உறவு விளக்கமும் இக்கதைக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

ஐரோப்பாவின் கட்டடத் தொழிலாளர் மரபிலிருந்து கிளைத்த ஃப்ரீமேசன் சங்கத்தின் மூலக்கதையை இதனோடு ஒப்பிடலாம். எருசலேமில் சாலொமோன் மன்னனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைக் கலைஞன் ஹிராம் அபிப்பிடம், மேலான நிலைக்குரிய கூலியைப் பெறும் ஆசையில் தொழிலாளர் மூவர் ‘மேஸ்திரியின் சொல்’லைக் கேட்டு மிரட்டினர், அவன் சொல்ல மறுத்து வாயிலில் கொலையுண்டான், அவனோடு அச்சொல்லும் இழந்துபோயிற்று, அன்று முதல் ஒரு மாற்றுச் சொல்லே வழங்குகிறது. கதையில் சொல்லுக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பு தற்செயலானதன்று. பதினேழாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் கல்தச்சர் ‘மேசன் சொல்’ ஒன்றைத் தமக்குள் வைத்திருந்தனர். ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளி தான் முறையாகப் பயின்றவன் என்று மெய்ப்பிக்க அது பயன்பட்டது. ஹிராமின் கதையில் சொல்லைக் காத்தவன் இறக்கிறான். காந்தக்கோட்டைக் கதையில் சொல்லை விட்டதால் கூட்டமே இறக்கிறது. அங்கே இழந்த சொல் திரும்பக் கிடைப்பதில்லை. இங்கேயோ இழந்த தொழில் ஒரு சிறுவனின் கையில் தானே முளைக்கிறது. தமிழ்க் கம்மாளர் தம் மறையைச் சொல்லில் வைக்காமல் கையில் வைத்தனர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சாசனமும் கூறவில்லை.

கூலியைப் பற்றிய கதை திருவண்ணாமலைக் கோயிலிலேயே ஒன்று வழங்குகிறது. வடக்குக் கோபுரத்தை நிறைவு செய்தவர் செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணியம்மாள் என்னும் துறவி. 171 அடி உயரமுள்ள அக்கோபுரம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பணம் தீர்ந்த நிலையில் அவர் பணியாளர்களுக்குத் திருநீற்றை அள்ளிக் கொடுத்தார் என்றும், அது ஒவ்வொருவர் கையிலும் அவரவர் உழைப்புக்கு உரிய கூலியாக மாறியது என்றும் மக்கள் கூறுவர். சொல் தெரிந்தவனுக்கு உயர்ந்த கூலி என்னும் மேலைக் கதைக்கும், செய்த வேலையின் அளவே கூலி என்னும் இக்கதைக்கும் இடையிலுள்ள தொலைவு சிந்திக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் சத்தியம் செய்து சகோதரர் ஆகும் சங்கத்தின் முழுமையான ஆவணம் எதுவெனின், திருச்சிராப்பள்ளிப் பகுதியின் ஊட்டத்தூரில் கிடைத்த மூன்றாம் குலோத்துங்கனின் 40ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1218ஆம் ஆண்டைச் சேர்ந்த இக்கல்வெட்டை எழுதுவித்தவர்கள் இடங்கைத் தொண்ணூற்றெட்டுப் பிரிவினர். வலங்கை, இடங்கை என்பவை இடைக்காலத் தமிழகத்தில் தொழிற்குடிகளையும் உழுகுடிகளையும் வணிகரையும் இரு பெரும் அணிகளாகப் பிரித்த அமைப்புகள். ஒவ்வொன்றும் தன்னுள் 98 பிரிவுகள் இருப்பதாகக் கூறிக்கொண்டது. காசியப முனிவரின் வேள்வியை அசுரரிடமிருந்து காக்க அக்கினி குண்டத்திலிருந்து தோன்றியவர்கள் தாம் என்றும், அரிந்தமன் என்னும் பேரரசன் முனிவர்களைத் தேரேற்றி அழைத்துவந்தபோது அவர்களின் செருப்பையும் குடையையும் தாங்கி வந்ததாகவும், திருவெள்ளறை, பாச்சில், ஊட்டத்தூர் முதலிய ஊர்களில் குடியேறியதாகவும், தேரிலிருந்து இறங்கும்போது முனிவரை இடப்பக்கம் தாங்கியமையால் இடங்கை எனப் பெயர் பெற்றதாகவும் இவர்கள் கூறுகின்றனர்.

அடுத்து வரும் செய்தியே இக்கல்வெட்டை அரியதாக்குகிறது. தம் முன்னோர் காட்டிலும் புதரிலும் தம் சான்றுகளையும் விருதுகளையும் இழந்துவிட்டதால் தம் பிறப்பைத் தாமே அறியாமல் இருந்ததாகவும், இப்போது அதை அறிந்துகொண்டதாகவும் தொண்ணூற்றெட்டுப் பிரிவினரும் கூறுகின்றனர். அறிந்த உடனே உடன்படிக்கை செய்கின்றனர்: இனி ஒரு தாய் வயிற்று மக்களைப் போல் நடப்பது, ஒருவருக்கு வரும் நன்மையும் தீமையும் அனைவருக்கும் பொது, இடங்கைக்கு இழிவு நேர்ந்தால் உரிமை நிலைபெறும்வரை சேர்ந்து நிற்பது. வழக்குத் தீர்க்கக் கூடும் கூட்டங்களில் கொம்பும் ஊதுகருவியும் குடையும் ஆகிய விருதுகளோடு வருபவரே தம் வகுப்பினர் என்றும், பொது இடத்தில் கொக்கிறகையும் அவிழ்ந்து தொங்கும் முடியையும் கண்டு தம்மை அறிய வேண்டும் என்றும் அடையாளங்களை வரையறுக்கின்றனர். இவற்றை மீறுபவர் வகுப்பின் பகைவர் ஆவர்.

மறந்துபோன பிறப்பு, மீட்டெடுத்த கதை, பொதுச் சத்தியம், அறிந்துகொள்ளும் குறி, மீறுவோருக்குத் தண்டனை ஆகிய ஐந்தும் இங்கு ஒரே கல்லில் உள்ளன. இழந்துபோன சொல்லைப் பற்றிய ஃப்ரீமேசன் கதை எழுத்து வடிவம் பெறுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இழந்துபோன சான்றுகளைப் பற்றிய இக்கதை சோழநாட்டில் கல்லேறிவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆயினும் புதிதாக ஒன்றுசேரும் கூட்டம் தான் புதியது என்று ஒப்புவதில்லை, பழையதை மறந்திருந்ததாகவே சொல்லும் என்னும் இயல்பு இரண்டிலும் ஒன்றே. பல ஊர்களிலிருந்து வந்து, பல தொழில் செய்து, தனித்தனியே வலுவற்றிருந்த மக்களுக்கு ஒரே தாயின் பிள்ளைகள் என்னும் கதை தேவைப்பட்டது. அதைக் கற்பனை என்று தள்ளிவிடுவது எளிது; அக்கற்பனையை நம்பியவர்கள் ஒருவருக்கொருவர் துணை நின்றனர் என்பதைத் தள்ள இயலாது. 1429ஆம் ஆண்டளவில் நடுநாட்டுப் பகுதிகளில் விசயநகர அதிகாரிகளின் கடுமையான வரிகளை எதிர்த்து வலங்கைத் தொண்ணூற்றெட்டும் இடங்கைத் தொண்ணூற்றெட்டும் பகை மறந்து ஒன்றுகூடி, இன்ன வரி தருவோம், இன்னது தரமாட்டோம் என்று கல்வெட்டியதை எண்ணினால், அந்தச் சத்தியத்தின் வலிமை புலப்படும்.

கடல் கடந்த வணிகக் குழுக்களும் இதே வழியில்தான் சென்றன. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் தம்மை ஐயபொழில் பரமேசுவரியின் மக்கள் என்றனர். சித்திரமேழிப் பெரிய நாட்டார் என்னும் உழவர் அமைப்பினர் பூமிதேவியின் மக்கள் என்றனர். 1088ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டைச் சுமத்திரா தீவின் பாருசில் விட்டுச்சென்ற ஐந்நூற்றுவர், அறிமுகமில்லாத துறைமுகத்தில் தம்மவரை நம்பிச் சரக்கு ஒப்படைக்க இந்த உறவுமுறையையே பிணையாகக் கொண்டிருக்கலாம்.

திருவண்ணாமலையின் குகைகளுக்கும் மடங்களுக்கும் வரும்போது மறைச்சொல்லின் தன்மை ஆழம் பெறுகிறது. கன்னட நாட்டு வீரசைவ மரபிலிருந்து வந்த விரூபாட்சதேவர், குகை நமசிவாயர், அவர்தம் சீடரும் பின்னர் சிதம்பரத்துக்கு அனுப்பப்பட்டவருமான குரு நமசிவாயர் ஆகியோரின் வழிகள் இம்மலையில் வேர்கொண்டன. இன்று குன்றக்குடியில் உள்ள ஆதீனம் தன் பெயரில் இன்னும் திருவண்ணாமலையைத் தாங்கியிருப்பது அதன் தொடக்கம் இங்கே என்பதற்குச் சான்று. சைவ ஆகம மரபில் சீடனாதல் சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை என்னும் மூன்று படிகளில் நிகழும். தீட்சை என்பது குரு சீடனின் மலத்தை நீக்கி உரிமை வழங்கும் சடங்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டு அகோரசிவாசாரியார் முதலியோரின் பத்ததிகள், அதாவது சடங்கு முறைநூல்கள், கூறும் முறைப்படி, சீடனின் கண்கள் துணியால் கட்டப்படும்; அவன் அந்நிலையில் சிவன் எழுந்தருளிய இடத்துக்கு அழைத்து வரப்பட்டு மலரைத் தூவுவான்; பின் கட்டு அவிழ்க்கப்படும்; மலர் விழுந்த இடத்தைக் கொண்டு அவனுக்குப் புதிய பெயர் சூட்டப்படும்; குரு அவன் செவியில் மந்திரத்தை ஓதுவார்.

அம்மந்திரம் ஐந்தெழுத்து. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டர் தொலைவிலும் குழந்தைகளும் முதியோரும் உரக்கச் சொல்லிச் செல்லும் எழுத்துகள் அவை; கடைப்பலகைகளிலும் வண்டிகளிலும் எழுதப்பட்டிருப்பவை. இவ்வளவு தெரிந்த சொல்லை ஏன் கண்ணைக் கட்டிச் செவியில் சொல்ல வேண்டும்? சொல்லின் ஒலி அன்று, அது வந்த வழியே உரிமை தருவது என்பதுதான் மரபின் விடை. குருவின் குருவிடமிருந்து இடையறாது வந்த ஒரு தொடர்ச்சியில் சீடன் அந்த நொடியில் ஒரு கண்ணி ஆகிறான். சொல்லை முன்பே அறிந்திருந்தது அவனுக்கு அந்த இடத்தைத் தரவில்லை.

இதே உண்மையை மேலைநாட்டுச் சங்கத்தின் வரலாறும் எதிர்பாராத வகையில் உறுதி செய்தது. சாமுவேல் பிரிச்சார்ட் என்பவர் 1730இல் இலண்டனில் வெளியிட்ட சிறுநூல் ஃப்ரீமேசன்களின் கேள்வி பதில்களையும் குறிகளையும் ஹிராமின் கதையையும் அச்சில் வெளிப்படுத்திவிட்டது. பல பதிப்புகள் விற்றன. சங்கம் அழியவில்லை, அடுத்த சில பத்தாண்டுகளில் உலகெங்கும் பரவி, 1752இல் சென்னையிலும் ஒரு கிளை தோன்றியது. அச்சங்கத்திலும் புதிதாகச் சேர்பவரின் கண் கட்டப்படுவதும், படிகள் மூன்றாக இருப்பதும் தீட்சை முறையை நினைவூட்டுவன. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நிறுவ முயன்றவர்கள் உண்டு. அதற்குச் சான்று இல்லை, தேவையும் இல்லை. கண் கட்டப்பட்ட ஒருவன் பிறர் கையை நம்பி நடக்க வேண்டியிருப்பது எந்த நாட்டிலும் ஒரே பாடத்தையே அவனுக்குக் கற்பிக்கும்.

சென்னையில் அச்சங்கம் தோன்றிய காலத்தில் திருவண்ணாமலை ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதியில் இருந்தது. அந்த நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஃப்ரீமேசனாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். இங்கிலாந்தின் பெருஞ்சங்கம் அவருக்குச் சங்க உடையாகிய முன்னாடையும் புத்தகமும் அனுப்பிச் சிறப்பித்தது. சொந்தச் சத்தியக் குழுக்கள் இத்தனை இருந்த நாட்டில் அந்நிய சத்தியக் குழு ஒன்று அரண்மனைக்குள் புகுந்தது அவ்வாறே. ஆனால் அது பெரும்பாலும் நகரங்களின் அதிகாரிகளுக்கும் செல்வர்க்கும் உரியதாகவே நின்றது. கல்தச்சரின் பெயரால் தோன்றிய சங்கத்தில் தமிழ்க் கல்தச்சருக்கு இடம் இல்லாமற்போனது வருந்தத்தக்கது.

கதையினால் உறவு உண்டாக்கும் மரபு திருவண்ணாமலையில் கடவுளையே உறவுக்குள் இழுத்திருக்கிறது. 1340களின் தொடக்கத்தில் மதுரைச் சுல்தானின் படையால் கொல்லப்பட்ட மூன்றாம் வல்லாளனுக்கு மகப்பேறு இல்லை என்றும், அண்ணாமலையாரே குழந்தையாக வந்து அவனுக்கு மகன் முறை ஏற்றார் என்றும் தலமரபு கூறும். மாசி மாதத்தில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அம்மன்னனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. தந்தையும் மகனும் கதையால் ஆன உறவினர்; மகனுக்குரிய கடமையோ ஆண்டுதோறும் மெய்யாகவே செய்யப்படுகிறது.

இவ்வூரின் மூலக்கதையிலும் சாட்சியும் சத்தியமும் நடுவிடம் பெறுகின்றன. அடிமுடி காணாத நெருப்புத் தூணாக நின்ற சிவனின் முடியைக் கண்டதாகப் பிரமன் பொய் சொல்ல, தாழம்பூ அதற்குச் சாட்சி கூறியது. அதனால் சிவபூசையிலிருந்து அது விலக்கப்பட்டது. அந்நெருப்பின் நினைவாக ஏற்றப்படும் கார்த்திகை மகாதீபத்தை 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றும் உரிமை பர்வதராஜகுலத்தினர்க்கு உரியது. ஏரி, குளங்களில் மீன்பிடித்து வாழ்ந்த செம்படவ மரபினரான இவர்கள், பார்வதியின் தந்தையாகிய பர்வதராஜனின் வழியினர் தாம் என்று கூறுவர். அக்கதையின்படி அம்மன் இவர்கள் வீட்டுப் பெண், அண்ணாமலையார் இவர்கள் வீட்டு மாப்பிள்ளை. அருகிலுள்ள மேல்மலையனூரில் அங்காளம்மனுக்குப் பூசை செய்யும் உரிமையும் இம்மரபினருக்கே உண்டு என்பதால், கதையின் வலிமை ஓர் ஊரோடு நிற்கவில்லை.

இக்குலத்தார் விரதமிருந்து கொப்பரையை மலைமேல் கொண்டுசெல்வர். பல ஆயிரம் கிலோ நெய்யும் மிக நீண்ட காடாத்துணித் திரியும் தோளிலும் தலையிலும் ஏறும். மாலை ஆறு மணிக்குக் கீழே கோயிலில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளிவந்து காட்சி தரும் அதே வேளையில் மேலே சுடர் எழ வேண்டும். காற்றும் மழையும் வீசும் கார்த்திகை மாதத்தில், பாறை உச்சியில், பெருந்திரியை ஒரே நேரத்தில் பற்றவைக்கும் முறை அவர்களுக்குள் பழகிவந்தது. பதினொரு நாள்கள் தீபம் எரிந்த பின் கொப்பரையை இறக்குவதும் அவர்களே. அதிலிருந்து எடுக்கும் மை ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்தப்பட்டுப் பின் மக்களுக்குப் பிரசாதமாகிறது.

இடங்கையாரின் கொக்கிறகும் கொம்பும் குடையும் இன்று எங்கும் இல்லை. சென்னைப்பட்டினத்தில் 1652இலும் 1707இலும் வலங்கை, இடங்கை மோதல்களாக வெடித்து, குடியேற்ற அரசின் நீதிமன்றங்களுக்குச் சென்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வமைப்புகள் தேய்ந்தன. ஊர்வல உரிமையைத் தவிரச் சேர்ந்து செய்யும் வேலை எதுவும் அவற்றுக்கு மிஞ்சவில்லை. பர்வதராஜகுலத்தாரின் கதையோ ஒவ்வோர் ஆண்டும் நெய்ச்சுமையோடு மலையேறுகிறது. கோயில் அறநிலையத் துறையின் ஆட்சிக்கு வந்த பின்னும், தீபம் ஏற்றும் உரிமை எவருடையது என்னும் கேள்விக்கு அந்தக் கதையே விடையாக ஏற்கப்படுகிறது.